8 வாரத் தமிழ் வகுப்பு முடிஞ்சாச்சு... கடைசி சனி, ஞாயிறுக்கு ஏன் தூத்துக்குடி? வெளிநாட்டு மாணவர்களும் 480 ஆண்டுக் கதையும்

ஜூன் மாதம் மதுரையில் வந்து இறங்கும்போது 'வணக்கம்', 'நன்றி' மட்டும்தான் தெரியும். ஆகஸ்ட்டில் பெட்டி கட்டும்போது ஆட்டோவுக்குப் பேரம் பேசவே வந்துவிடும். தமிழ் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்கள் பலருடைய கோடைக்காலம் இப்படித்தான் போகிறது.

வகுப்பு முடிந்துவிட்டது. ஊருக்குத் திரும்ப சில நாட்கள் இருக்கு. நடுவில் ஒரு சனி, ஒரு ஞாயிறு. கொடைக்கானலா, ராமேஸ்வரமா, கன்னியாகுமரியா? பொதுவாக இந்த மூன்றும்தான் பட்டியலில் வரும். ஆனால் தமிழ் படிக்க வந்தவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய கடற்கரை ஒன்று மதுரையிலிருந்து பேருந்தில் சுமார் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறது. அதுதான் தூத்துக்குடியும் அதற்குத் தெற்கே நீளும் முத்துக்குளித்துறையும்.

ஏன் அங்கே? ஐரோப்பாவிலிருந்து வந்து தமிழைத் தப்பும் தவறுமாகப் பேசி, பிறகு திருத்திக்கொண்டு, இலக்கணமே எழுதிய முதல் 'வெளிநாட்டு மாணவர்' படித்த இடம் அதுதான். விரிவாகப் பார்ப்போம்.

தமிழ் படிக்க யார் வருகிறார்கள்?

1961-ல் தொடங்கப்பட்ட அமெரிக்க இந்தியவியல் ஆய்வு நிறுவனம் மதுரையில் தமிழ் வகுப்புகளை நடத்துகிறது. கோடைக்கால வகுப்பும் உண்டு, கல்வியாண்டு முழுவதும் படிக்கும் வகுப்பும் உண்டு. வருபவர்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள், ஆய்வாளர்கள். வரலாறு, மானுடவியல், இசை, சமயம் என ஏதோ ஒரு துறையில் தமிழ்நாட்டைப் பற்றி ஆய்வு செய்பவர்களுக்குத் தமிழ் தெரியாமல் வேலை ஆகாது.

புதுச்சேரியில் இன்னொரு வட்டம் இருக்கிறது. அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களைச் சுற்றிப் பல நாட்டு மாணவர்கள் வந்து போகிறார்கள். சங்க இலக்கியத்தை வரிவரியாகப் படிக்கும் கோடை அமர்வுகளும் அங்கே நடந்திருக்கின்றன.

மூன்றாவது கூட்டம் நம்மவர்களின் பிள்ளைகள். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2023-ல் 'வேர்களைத் தேடி' என்ற பண்பாட்டுப் பயணத் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டில் தமிழ் காதில் விழும், ஆனால் வாயில் வராது என்ற நிலையில் இருப்பவர்கள் இவர்களில் நிறைய பேர்.

எல்லோருக்கும் கடைசியில் எழும் கேள்வி ஒன்றுதான். இரண்டு மாதத்தில் ஒரு மொழி வந்துவிடுமா? இந்தக் கேள்விக்குத் தூத்துக்குடிக் கடற்கரை ஏற்கெனவே ஒரு பதில் வைத்திருக்கிறது.

'நம்புகிறேன்' என்பதற்குப் பதில் 'வேணும்': சவேரியார் திருத்திய பிழை

1542 அக்டோபர். புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வருகிறார். தமிழ் தெரியாது. கோவாவில் படித்த தமிழ் இளைஞர்கள் சிலர் உடன் வருகிறார்கள். இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, ஜெபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் சொல்லி, அவற்றை மனப்பாடம் செய்கிறார். கையில் மணியுடன் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, மனப்பாடம் செய்ததைச் சொல்லிக்கொடுக்கிறார்.

நம்ம ஊரில் பரீட்சைக்குப் படிக்கும் அதே முறைதான். பொருள் முழுவதும் புரிந்ததா என்பது வேறு கதை.

1544-ல் உடன் பணியாற்றிய மன்சிலாஸ் என்பவருக்குச் சவேரியார் எழுதிய கடிதம் ஒன்றில் ஒரு சுவையான திருத்தம் இருக்கிறது. விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும்' என்று இதுவரை சொல்லிவந்த இடத்தில், இனி 'விசுவாசம்' என்ற சொல்லைப் போட வேண்டும் என்கிறார். 'வேணும்' என்றால் விருப்பம், 'விசுவாசம்' என்றால் நம்பிக்கை என்று காரணமும் சொல்கிறார்.

அதாவது, 'கடவுளை நம்புகிறேன்' என்று சொல்ல வேண்டிய மக்கள், 'கடவுள் எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிழை இருப்பது தெரியவே ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

வகுப்பில் தப்பாகப் பேசி வெட்கப்பட்ட மாணவர்களுக்கு இதைவிட ஆறுதல் வேறு என்ன வேண்டும்? சவேரியார் இந்தக் கரையில் இருந்தது, இடையிடையே வெளியூர் போய்வந்ததையும் சேர்த்து, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்தான். பிறகு மலாக்கா, ஜப்பான் என்று கிளம்பிவிட்டார்.

இலக்கணம் எழுதிய அண்டிறிக்கிப் பாதிரியார்

அடுத்து வந்தவர் கதையே வேறு. போர்ச்சுகலின் விலா விசோசா ஊரில் 1520-ல் பிறந்த அன்றிக்கே அன்றிக்கஸ் 1546-ல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். அவருடைய தமிழ் நூலிலேயே 'அண்டிறிக்கிப் பாதிரியார்' என்றுதான் பெயர் அச்சாகியிருக்கிறது.

இவரும் முதலில் மொழிபெயர்ப்பாளர்களை நம்பித்தான் இருந்தார். தான் சொல்வது ஒன்று, அவர்கள் மக்களிடம் சொல்வது இன்னொன்று என்று தெரிந்ததும், தானே படிப்பது என்று உட்கார்ந்துவிட்டார். லத்தீன் இலக்கணம் தெரிந்தவர் என்பதால் தமிழ் வினைச்சொற்களை அதேபோல் வரிசைப்படுத்தினார். செய்கிறேன், செய்தேன், செய்வேன் என்று காலம் காலமாக, ஆள் ஆளாகப் பட்டியல் போட்டார். அந்தக் குறிப்புகள்தான் ஐரோப்பியர் ஒருவர் எழுதி இன்று நமக்குக் கிடைக்கும் முதல் தமிழ் இலக்கணம். கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஜீன் ஹைன், வி.எஸ். ராஜம் இருவரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அது 2013-ல் ஹார்வர்டு வெளியீடாக வந்தது.

அவர் வைத்திருந்த ஒரு விதியை இன்றைய மாணவர்களும் பின்பற்றலாம். உடன் இருந்த பாதிரியார்கள் தங்களுக்குள்ளும் தமிழில்தான் பேச வேண்டும். மீறினால் தண்டனை! கேட்கச் சின்ன விஷயம். ஆனால் மொழி படிக்க வந்த நான்கு பேர் ஒரே அறையில் தங்கினால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் ஆனதும் தாய்மொழிக்குத் திரும்பிவிடுவார்கள்.

1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. மொத்தம் 16 பக்கம். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நம்மிடம் இருக்கும் நூல்களில் இதுதான் மூத்தது. இந்திய எழுத்து எதிலும் இதற்கு முன் அச்சான நூல் நமக்குக் கிடைக்கவில்லை. இதற்கான அச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறை மக்கள் திரட்டிய பணம் கைகொடுத்தது. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. 1586-ல் 'அடியார் வரலாறு' வந்தது.

அன்றிக்கஸ் ஊர் திரும்பவே இல்லை. 1600-ல் இறந்து தூத்துக்குடியில் அடக்கமானார். எட்டு வாரம் படிக்க வந்தவர் அல்ல, ஐம்பது ஆண்டுக்கு மேல் இங்கேயே படித்துக்கொண்டிருந்தவர்.

நாமும் அங்கே போனோமே!

இந்தக் கதையில் பலருக்குத் தெரியாத ஒரு பக்கம் இருக்கு. தமிழ் படிக்க அங்கிருந்து இங்கே வந்தவர்களை மட்டுமே நாம் பேசுகிறோம். இங்கிருந்து லிஸ்பனுக்குப் போன தமிழர்களும் இருந்தார்கள்.

1554 பிப்ரவரியில், அதாவது 'தம்பிரான் வணக்க'த்துக்கு 24 ஆண்டுகள் முன்பே, லிஸ்பனில் 'கார்த்தில்யா' என்ற சிறு நூல் அச்சானது. தமிழ் வாசகங்கள் ரோமன் எழுத்தில் இருக்கும், கூடவே போர்ச்சுகீசியப் பொருளும் இருக்கும். அதை உருவாக்கியவர்கள் விசென்தே தெ நசரேத், ஜோர்ஜ் கர்வால்யோ, தொமே த குரூஸ் என்ற மூன்று தமிழர்கள். பெயர் போர்ச்சுகீசியம், ஆள் தமிழர். அவர்களுடைய பழைய தமிழ்ப் பெயர்கள் அந்த நூலில் இல்லை.

மொழி படித்து வந்த வெளிநாட்டவரின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அயல்நாட்டில் உட்கார்ந்து தன் மொழியைச் சொல்லிக்கொடுத்தவரின் சொந்தப் பெயர் தொலைந்துவிட்டது. முத்துக்குளித்துறைக்குப் போகும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு பக்கமும் இருக்கு

எல்லாம் மொழிக் காதலால் நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். போர்ச்சுகீசியர் வந்தது முத்துக்காக.

இந்த முத்தின் புகழ் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு, பாண்டியரின் கொற்கையில் முத்துக்குளிப்பு நடந்ததையும், தண்டனை பெற்றவர்கள் கடலில் இறக்கப்பட்டதையும் சொல்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோவும் 'காயல்' துறைமுகத்தின் வணிகத்தைப் பற்றிப் பேசுகிறார்.

1530-களில் முத்துக்குளிப்பு உரிமையை ஒட்டிய மோதல்களில் சிக்கிய பரதவர்கள் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள். கூடவே மதமாற்றமும் நடந்தது. பாதுகாப்புக்கு விலையாக முத்து வருவாயில் பங்கு போனது. 1658-ல் தூத்துக்குடியை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். ஆட்சி மாறினாலும் மூச்சடக்கி ஆழத்துக்குப் போனது அதே மீனவர்கள்தான்.

கடைசியாக இங்கே பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன் பிறகு சிப்பி இல்லை. 1973-ல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் செயற்கை முறையில் முத்து விளைவித்துக் காட்டினார்கள். கடலோரத் தொழிலாக அது பெரிதாகப் பரவவில்லை. இன்றும் சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள். 'முத்துநகர்' என்பது ஊருக்கும் சென்னை ரயிலுக்கும் பெயராக மட்டும் நிற்கிறது.

சனி, ஞாயிறு: எங்கெல்லாம் போகலாம்?

சனிக்கிழமை, தூத்துக்குடி நகரம்:

* பனிமய மாதா பேராலயம். ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் திருவிழா. கோடை வகுப்பு முடியும் நேரத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். 1806-ல் முதன்முதலாக ஓடிய தங்கத் தேர் ஆண்டுதோறும் வராது, சிறப்பு ஆண்டுகளில் மட்டும்தான்.

* கடற்கரைச் சாலையும் பழைய துறைமுகப் பகுதியும். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி கொழும்புக்குக் கப்பல் விட்ட ஊர் இது. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளையும் இந்தப் பக்கம் பார்க்கலாம். பெரிய கப்பல்கள் வரும் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் தனி, அங்கே அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

* மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றையும் வைத்துச் செய்வது. முந்திரியைப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் போர்ச்சுகீசியர்தான்.

* ராத்திரி 'நைட் கிளப்'. பயப்பட வேண்டாம். தூத்துக்குடியில் அந்தப் பெயருக்குப் பொருள் பரோட்டா கடை! அகராதியை நம்பிப் போகும் மாணவருக்கு இதுதான் கடைசிப் பரீட்சை.

ஞாயிற்றுக்கிழமை, தெற்கு நோக்கி:

* புன்னைக்காயல். தாமிரபரணி கடலில் கலக்கும் இடம். அன்றிக்கஸ் நீண்ட காலம் பணியாற்றிய ஊர்.

* காயல்பட்டினம். தமிழை அரபு எழுத்தில் எழுதும் 'அரபுத்தமிழ்' மரபு செழித்த ஊர்களில் ஒன்று. ஒரு மொழிக்கு ஒரே எழுத்துதான் என்ற எண்ணம் இங்கே உடைந்துவிடும்.

* திருச்செந்தூர். கடல் அலை ஓரத்தில் நிற்கும் முருகன் கோயில். ஞாயிறு என்றால் கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுவது நல்லது.

* மணப்பாடு. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்று, அதன் மேல் திருச்சிலுவை ஆலயம், குன்றின் அடியில் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. 'வேணும்' பிழையை நினைத்துக்கொண்டு உட்கார இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் கொற்கை, ஆதிச்சநல்லூர் போகலாம். ஆதிச்சநல்லூரில் 1876-ல் முதலில் தோண்டியவர் பெர்லினைச் சேர்ந்த யாகோர். எடுத்த பொருட்கள் ஜெர்மனிக்குப் போய்விட்டன. திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் 1840-களில் பணியாற்றிய சாயர்புரமும் இதே மாவட்டம்தான். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்ட கால்டுவெல்லின் இடையன்குடி மணப்பாட்டுக்கும் தெற்கே இருக்கிறது.

வகுப்பில் சொல்லித்தராத தமிழ்

பேருந்தை விட்டு இறங்கியதும் முதல் அதிர்ச்சி காதுக்குத்தான். வகுப்பில் 'வருகிறீர்களா' படித்திருப்பார்கள், மதுரையில் 'வர்றீங்களா' பழகியிருப்பார்கள். இங்கே 'வாரியளா' என்பார்கள். 'சாப்ட்டியளா' என்று கேட்டால் மரியாதையாகத்தான் கேட்கிறார்கள். கடைக்காரர் 'அண்ணாச்சி'. லுங்கி 'சாரம்'. காசு 'துட்டு'. நண்பர்களுக்குள் 'ஏல', 'மக்கா'. இதை மட்டும் புதியவர்கள் உடனே எடுத்துப் பிரயோகிக்க வேண்டாம், வயதில் பெரியவரிடம் சொன்னால் வம்பு.

கடற்கரைக்குப் போனால் இன்னும் வேறு தமிழ். காற்றுக்கே நான்கு பெயர்: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். கடலடியில் சிப்பி விளையும் திட்டு 'பார்'. தூத்துக்குடிக்கு எதிரே 'தொள்ளாயிரம் பார்' என்றே ஒன்று உண்டு. முத்துக்குளிக்கும் பருவத்துக்கு 'சலாபம்' என்று பெயர். 1961-க்குப் பிறகு சலாபம் நடக்காததால், அந்தச் சொல்லைப் பயன்படுத்திப் பேசியவர்கள் இன்று மிகவும் வயதானவர்கள். தொழில் போனால் சொல்லும் போகும். இதை உட்கார்ந்து எழுதி வைக்க வெளிநாட்டு மாணவர்தான் வர வேண்டும் என்பதில்லை. பி.ஏ. தமிழ் படிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு போனாலே போதும். இந்தப் பேச்சை நாவலில் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு', சாகித்ய அகாடமி விருது பெற்ற 'கொற்கை' இரண்டும் இருக்கின்றன.

போர்ச்சுகீசியத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்டதும் குறைவல்ல. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, ஏலம், பீப்பாய், பாதிரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி என்று பட்டியல் நீளும். பதிலுக்கு நம்ம கட்டுமரம் ஐரோப்பிய மொழிகளில் ஏறிவிட்டது.

கிளம்பும் முன் கவனிக்க

* வெளிநாட்டவர் தங்கினால் விடுதிகள் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு விவரம் தெரிவிக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா நகல் கையில் இருக்கட்டும். எல்லாச் சிறு விடுதிகளும் இதைச் செய்வதில்லை, முன்பே கேட்டுவிடுங்கள்.

* மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியக் கடல்வாழ் உயிரினப் பூங்காவில் அடங்கியவை. வனத்துறை அனுமதி இல்லாமல் படகுக்காரர் யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது.

* பவளப்பாறை, கடல் அட்டை, சில வகைச் சங்குகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. நினைவுப்பொருள் என்று வாங்கினால் விமான நிலையத்தில் சிக்கல்.

* ஜூலை, ஆகஸ்ட்டில் காற்று பலமாக இருக்கும். மணப்பாட்டில் மணல் கண்ணில் அடிக்கும். கடலில் இறங்கும் முன் உள்ளூர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நாம வெளிநாட்டுக்குப் படிக்கப் போனா?

இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் பலர் ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பான் மொழி வகுப்புக்கு வெளிநாடு போகத் திட்டமிட்டிருக்கலாம். சில வாரப் படிப்பு, கடைசியில் ஒரு வார இறுதி. அதே கணக்குதான். முத்துக்குளித்துறை சொல்லித்தரும் மூன்று விஷயங்கள்:

ஒன்று, மனப்பாடம் தொடங்குவதற்கு உதவும், அதோடு நிற்காதீர்கள். சவேரியாருக்கே 'வேணும்' தடுமாறியது.

இரண்டு, வினைச்சொல்லைப் பட்டியல் போடுங்கள். அன்றிக்கஸ் செய்தது அதுதான். அறைத்தோழரோடு தமிழில் பேச மாட்டேன் என்று ஒரு விதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, கடைசி சனி, ஞாயிறை செல்ஃபிக்கு மட்டும் செலவழிக்காதீர்கள். வகுப்பு நடந்த நகரத்தை விட்டு, அந்த மொழி வேறு மாதிரி ஒலிக்கும் ஒரு சின்ன ஊருக்குப் போங்கள். அங்கே பாதி புரியாது. எட்டு வாரத்தில் எவ்வளவு வந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு பாக்கி என்பது அப்போதுதான் தெரியும்.

சரி, இரண்டு மாதத்தில் ஒரு மொழி வந்துவிடுமா? வராது. ஆனால் 'எப்ப திரும்ப வாரிய?' என்று தூத்துக்குடி பேருந்து நிலையத்தில் ஒரு டீக்கடை அண்ணாச்சி கேட்கும்போது, அது புரிந்து பதில் சொல்ல முடிந்தால், வந்த வேலை முடிந்தது என்று நிம்மதியாக ஊருக்குப் போகலாம்.